தெரியுமா, இன்று என்ன நாள்?



உங்கள் வீட்டுச் சுவரில் தினசரி நாட்காட்டி ஒன்று தொங்கும். காலையில் எழுந்ததும் நேற்றைய தாளைக் கிழித்துவிட்டு இன்றைய தாளைப் பார்க்கிறீர்கள். தேதி, கிழமை, திருநாள் எல்லாம் பெரிய எழுத்தில் இருக்கும். அடியிலே பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: இன்ன வருஷத்தில் இதே தேதியில் இன்னார் பிறந்தார், இன்ன யந்திரம் முதன்முதல் ஓடியது, இன்ன ராஜா மாண்டார் என்று. அந்த வரியை வாசித்தவர் அதைத் தம்மோடு வைத்துக்கொள்ளுகிறாரா? இல்லை. கடைத்தெருவிலோ, பூசை முடிந்து கோவில் வாசலிலோ ஒரு சிநேகிதரைக் கண்டதும், "தெரியுமா, இன்று என்ன நாள்?" என்று தொடங்கிவிடுகிறார். சிநேகிதரும் சளைத்தவர் அல்ல. நாளைக்கு அவர் வேறொன்றைக் கொண்டுவருவார். கைப்பேசி வந்தபின் இந்தக் கொடுக்கல் வாங்கல் விடியுமுன்பே ஆரம்பமாகிவிடுகிறது.

இது என்ன பெரிய காரியம், இதற்கு ஒரு கட்டுரையா என்று கேட்பீர்கள். பெரிய காரியம் அல்லதான். ஆனால் மனிதனுடைய குணம் பெரிய காரியங்களில் மாத்திரம் உருவாவதில்லை. பெரிய சோதனை ஆயுசில் ஒன்றிரண்டு தரம் வரும். சின்னப் பேச்சோ நாள்தோறும் ஐம்பது தரம் வரும். ஆகையால் இந்தச் சிறு பழக்கத்தைக் குறித்து மூன்று கேள்விகள் கேட்டுப் பார்ப்போம். முதலாவது, இப்படிப்பட்ட துணுக்குகளைச் சேர்த்து ஒருவருக்கொருவர் சொல்லி மகிழ்வது வீண்வேலையா? இரண்டாவது, சொல்லும் துணுக்கு பொய்யாயிருந்தால் அதனால் என்ன கெட்டுப்போகிறது? மூன்றாவது, ஒரு நாளைப்பற்றிப் பேசும்போது, அந்த நாள் யாருடையது என்றும் நாம் யோசிக்க வேண்டாமா?

முதலாவது: இது வீண்வேலையா?

கண்டிப்பானவர்கள் சிலர் ஆம் என்பார்கள். அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் அறிவு வேட்கையை இரண்டாகப் பிரித்தார். ஒன்று நற்குணம், மற்றொன்று துர்க்குணம். செய்யவேண்டிய கடமையை விட்டுவிட்டு உபயோகமற்றதைத் தேடித் திரிவதும், பிறரைவிட எனக்கு அதிகம் தெரியும் என்று பெருமை கொள்வதற்காகத் தேடுவதும் துர்க்குணத்தைச் சேர்ந்தவை. அடுப்பில் பால் பொங்கி வழியும்போது எந்த ராஜா எந்தத் தேதியில் பட்டம் சூட்டிக்கொண்டார் என்று பார்த்துக்கொண்டிருப்பவரை அவர் மெச்சமாட்டார்.

ஆனால் அதே ஆசிரியர்தான் அடுத்தாற்போல விளையாட்டைப்பற்றியும் எழுதினார். வில்லை எந்நேரமும் நாணேற்றியே வைத்தால் அது முறிந்துபோகும் என்ற பழைய உவமையை எடுத்துக்காட்டி, மனதுக்கும் இளைப்பாறுதல் வேண்டும் என்றார். அதோடு நிற்கவில்லை. தானும் சிரிக்காமல், பிறருடைய சந்தோஷத்தையும் கெடுத்துக்கொண்டு, கூட்டத்துக்குப் பாரமாக உட்கார்ந்திருப்பவனிடத்திலும் குற்றம் உண்டு என்றார். ஆகவே சிநேகிதருக்கு ஒரு வேடிக்கைச் செய்தி கொண்டுபோவது குற்றமல்ல. கொண்டுபோக மறுத்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதுதான் சில வேளைகளில் குற்றமாகும்.

இதற்கு நம் நாட்டவர் ஒருவருடைய சரித்திரத்திலேயே அழகான உதாரணம் உண்டு. கணித மேதை சீனிவாச ராமானுஜன் 1887-ம் வருஷம் டிசம்பர் 22-ம் தேதி ஈரோட்டில் பிறந்தார். அவர் இங்கிலாந்தில் நோயாய்க் கிடந்த காலத்தில், கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டி அவரைப் பார்க்க லண்டன் பக்கத்திலுள்ள பட்னிக்கு வாடகை வண்டியில் போனார். நோயாளியிடம் என்ன பேசுவது? தாம் வந்த வண்டியின் எண் 1729 என்றும், அது சுவாரஸ்யமில்லாத எண்ணாகத் தோன்றுகிறது, கெட்ட சகுனமாக இராது என்று நம்புவதாகவும் சொன்னார். ராமானுஜன் உடனே மறுத்தார். இரண்டு கன எண்களின் கூட்டுத்தொகையாக இரண்டு விதத்தில் எழுதக்கூடிய எண்களில் அதுவே மிகச் சிறியது என்றார். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1-ன் கனமும் 12-ன் கனமும் சேர்ந்தால் 1729, 9-ன் கனமும் 10-ன் கனமும் சேர்ந்தாலும் 1729.

வண்டி எண்ணைவிட அற்பமான செய்தி உலகத்தில் உண்டா? ஆனாலும் அந்த அற்பச் செய்தி ஒரு நோயாளியின் அறைக்குள் கொண்டுபோகப்பட்டது. நோயாளி அதை வாங்கி, துலக்கி, பொன்னாக்கித் திருப்பிக் கொடுத்தார். ராமானுஜன் 1919-ல் தாய்நாடு திரும்பி, 1920 ஏப்ரல் 26-ம் தேதி சென்னையில் 32 வயதில் மரித்தார். அந்த எண்ணை இன்றும் கணிதம் படிப்பவர்கள் அந்த இரு சிநேகிதர் பெயராலேயே அழைக்கிறார்கள். துணுக்குச் செய்தியின் மதிப்பு அதன் எடையில் இல்லை; அதை யார் யாருக்கு எதற்காகக் கொண்டுபோகிறார் என்பதிலேயே இருக்கிறது. இவ்வளவும் முதல் கேள்விக்குப் போதும்.

இரண்டாவது: பொய்யாயிருந்தால் என்ன?

இங்கேதான் சற்று நிதானிக்க வேண்டும். முதலில் தேதி என்பதே எவ்வளவு வழுக்கலான பொருள் என்று பாருங்கள்.

ஜூலியஸ் சீசர் ஏற்படுத்திய பழைய பஞ்சாங்கம் வருஷத்துக்கு 365 நாளும் கால் நாளும் என்று வைத்துக்கொண்டது. மெய்யான வருஷம் அதைவிடச் சுமார் 11 நிமிஷம் குறைவு. 11 நிமிஷம் என்ன பிரமாதம்? ஆனால் நூற்றாண்டுகள் செல்லச் செல்ல அது நாட்களாகக் குவிந்து, மார்ச் 21-ம் தேதியை ஒட்டி வரவேண்டிய சமராத்திரி நாள் மார்ச் 11-ம் தேதிக்கு வந்துவிட்டது. பாஸ்குத் திருநாளின் கணக்கே தடுமாறியது. கலாபிரியா நாட்டு வைத்தியராகிய லீலியுஸ் வகுத்த திட்டத்தை, சேசு சபையைச் சேர்ந்த கிளாவியுஸ் என்ற கணித வல்லுநரும் மற்றவர்களும் ஆராய்ந்து ஒழுங்குபடுத்த, பாப்பரசர் 13-ம் கிரகோரியார் 1582-ம் வருஷம் பஞ்சாங்கத்தைத் திருத்தினார். அதன்படி அந்த வருஷம் அக்டோபர் 4-ம் தேதி வியாழக்கிழமைக்கு மறுநாள் 15-ம் தேதி வெள்ளிக்கிழமை ஆயிற்று. நடுவில் இருந்த 10 தேதிகள் இல்லாமலே போயின. அவிலா நகர் அர்ச். தெரேசம்மாள் மரித்தது அந்த 4-ம் தேதி இரவில்தான். விடிந்தபோது ஸ்பெயின் தேசத்தில் 15-ம் தேதி. அவருடைய திருநாள் அக்டோபர் 15-ம் தேதியில் கொண்டாடப்படுவதன் காரணம் இதுவே. இது முற்றிலும் மெய், கேட்கவும் இனிமை.

ஆனால் எல்லா நாடுகளும் ஒரே சமயத்தில் மாறவில்லை. இங்கிலாந்தும் அதன் ஆட்சிக்குட்பட்ட தேசங்களும் 1752-ல்தான் மாறின. அங்கே செப்டம்பர் 2-ம் தேதிக்கு மறுநாள் 14-ம் தேதி. ரஷ்யா 1918-ல்தான் மாறியது. ஆகையால் "அக்டோபர் புரட்சி"யின் ஆண்டு விழா நவம்பர் 7-ம் தேதியில் வந்தது. நம் சென்னையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1746-ம் வருஷம் பிரெஞ்சுக்காரர் கோட்டையைப் பிடித்தபோது அது ஆங்கிலேயருக்குச் செப்டம்பர் 10-ம் தேதி, பிரெஞ்சுக்காரருக்கு 21-ம் தேதி. ஒரே கோட்டை, ஒரே சூரியன், இரண்டு தேதி!

இதை மனதில் வைத்துக்கொண்டு, சிநேகிதர்கள் ஆசையோடு சொல்லிக்கொள்ளும் சில துணுக்குகளைப் பார்ப்போம்.

"ஷேக்ஸ்பியரும் ஸ்பெயின் தேசத்து செர்வாந்தேசும் ஒரே நாளில், 1616 ஏப்ரல் 23-ம் தேதி, இறந்தார்கள்" என்பது ஒன்று. உலகப் புத்தக தினத்துக்கு 1995-ல் யுனெஸ்கோ ஸ்தாபனம் அந்தத் தேதியைத் தெரிந்துகொண்டதற்கு இருவருடைய நினைவும் ஒரு காரணம். ஆனால் ஸ்பெயினில் அப்போது புதுப் பஞ்சாங்கம், இங்கிலாந்தில் பழையது. ஷேக்ஸ்பியருடைய ஏப்ரல் 23 புதுக் கணக்கில் மே 3 ஆகும். செர்வாந்தேசும் 22-ம் தேதி மரித்து 23-ம் தேதி அடக்கம் செய்யப்பட்டார் என்றே ஆராய்ச்சியாளர்கள் கொள்கிறார்கள். ஆக, ஒரே தேதியே தவிர, ஒரே நாள் அல்ல.

"கலிலேயோ மறைந்த வருஷத்திலேயே நியூட்டன் பிறந்தார்" என்பது இன்னொன்று. கலிலேயோ 1642 ஜனவரி 8-ம் தேதி, புதுக் கணக்கில், மரித்தார். நியூட்டன் 1642 டிசம்பர் 25-ம் தேதி, பழைய கணக்கில், பிறந்தார். புதுக் கணக்கில் அது 1643 ஜனவரி 4. ஒருவருக்கு ஒரு தராசு, மற்றவருக்கு வேறு தராசு வைத்தால்தான் அந்த ஒற்றுமை நிற்கும்.

"1752-ல் இங்கிலாந்து ஜனங்கள், எங்கள் ஆயுசில் பதினொரு நாளைத் திருடிவிட்டார்கள், திருப்பிக் கொடுங்கள் என்று கலகம் செய்தார்கள்" என்பது மூன்றாவது. இதைப் படித்தவர்களே சொன்னார்கள், புத்தகங்களும் எழுதின. ஆனால் அப்படிப்பட்ட கலகம் நடந்ததற்குத் தகுந்த சாட்சியத்தைச் சரித்திர ஆசிரியர்கள் காணவில்லை. சில வருஷங்களுக்குப் பின் ஹோகார்த் என்ற ஓவியர் தேர்தல் விருந்து ஒன்றைக் கேலியாகத் தீட்டிய படத்தில் அந்தக் கோஷம் எழுதப்பட்டிருக்கிறது. கேலிச் சித்திரத்தில் இருந்த வாசகம், நாளடைவில் நடந்த சம்பவமாகிவிட்டது.

நம்மவர்கள் நடுவிலும் ஒன்று உலாவுகிறது: "1969-ல் பாப்பரசர் அர்ச். கிறிஸ்தோபரை அர்ச்சியசிஷ்டர் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார்." இது சரியல்ல. அந்த வருஷம் 6-ம் சின்னப்பர் திருநாட்காட்டியை ஒழுங்குபடுத்தியபோது, அவருடைய திருநாள் உலகமெங்கும் கொண்டாடவேண்டிய நாட்களில் சேராமல், அந்தந்த இடத்தாருடைய விருப்பத்துக்கு விடப்பட்டது. அவருடைய பெயர் வேதசாட்சிகளின் அட்டவணையில் ஜூலை 25-ம் தேதியில் இன்றும் இருக்கிறது.

இவற்றையெல்லாம் கேட்டுவிட்டு நீங்கள் சொல்லலாம்: "சரி, ஷேக்ஸ்பியர் பத்து நாள் பிந்தித்தான் இறந்தார். அதனால் யாருக்கு என்ன நஷ்டம்? வேடிக்கைக்குச் சொன்னதுதானே?"

நியாயமான ஆட்சேபம். இதற்கு இரண்டு விடை உண்டு.

முதல் விடை: வேடிக்கை வேறு, வேடிக்கைச் செய்தி வேறு. வேடிக்கைப் பேச்சைப் பொய்யோடு சேர்க்கவேண்டியதில்லை, ஏனெனில் சொல்லுகிறவருடைய குரலும் பாவனையுமே அவர் ஏமாற்ற நினைக்கவில்லை என்று காட்டிவிடும் என்று அர்ச். அகுஸ்தீன் எழுதினார். குரங்கு வக்கீல் உத்தியோகம் பார்த்த கதையை நீங்கள் சொன்னால் நான் அதை நம்புவதில்லை, நீங்களும் நம்பச் சொல்வதில்லை. ஆனால் "தெரியுமா, இன்று என்ன நாள்?" என்று தொடங்கும்போது, என்னை நம்பும்படியே கேட்கிறீர்கள். அந்தத் துணுக்கு இனிப்பதன் காரணமே அது மெய் என்பதுதான். இரண்டு பெரிய எழுத்தாளர்கள் ஒரே நாளில் இறந்ததாக யாராவது கற்பனை செய்து எழுதினால் அதில் என்ன ஆச்சரியம்? எந்தக் கதாசிரியனும் எழுதிவிடுவான். மெய்யாகவே நடந்தது என்றால்தான் நாம் புருவத்தை உயர்த்துகிறோம். ஆகவே இந்தச் சரக்கில் மெய்யை எடுத்துவிட்டால் மிச்சம் ஒன்றும் இல்லை. சர்க்கரை இல்லாத மிட்டாயை அழகான காகிதத்தில் சுற்றிச் சிநேகிதர் கையில் கொடுப்பதற்கு அது சமானம்.

இரண்டாவது விடை இதைவிடப் பாரமானது. செய்தி அற்பமாயிருக்கலாம், நம்பிக்கை அற்பமல்ல. ஷேக்ஸ்பியரைப்பற்றிப் பேசும் வாயும், அண்டை வீட்டாரைப்பற்றிப் பேசும் வாயும் ஒன்றே. தேதி சரியா என்று பாராமல் கைப்பேசியில் அனுப்பும் விரல்தான், ஆள் யார் என்று பாராமல் வதந்தியையும் அனுப்புகிறது. 2018-ம் வருஷம் மே மாதத்தில் திருவண்ணாமலை மாவட்டத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். பிள்ளை பிடிக்கும் கூட்டம் வந்திருக்கிறது என்று கைப்பேசி வழியாக வதந்தி பரவியிருந்த சமயம். குடும்பக் கோவிலுக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் வழியில் இறங்கி, பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார்கள். ஜனங்கள் கூடி அவர்களை அடித்தார்கள்; வயதான ஒரு மாது மாண்டுபோனார். அந்த வதந்தியை அனுப்பியவர்களில் எத்தனை பேர் கொலை செய்ய நினைத்திருப்பார்கள்? அநேகமாக ஒருவரும் இல்லை. "தெரியுமா?" என்று கேட்கத்தான் நினைத்திருப்பார்கள். மெய்யா என்று ஒரு நிமிஷம் நிற்கும் பழக்கம் இல்லாத கை, முதலில் தேதியில் தவறும், பிறகு ஆளில் தவறும்.

அப்படியானால் ஒவ்வொரு துணுக்கையும் நீதிஸ்தலத்தில் சாட்சி விசாரிப்பதுபோல் விசாரித்த பிறகே வாய் திறக்கவேண்டுமா? அதுவும் வேண்டாம். யாராலும் முடியாது, சிநேகிதமும் செத்துப்போகும். வேறொரு சுலபமான வழியை நம்முடைய தாய்மொழியே வைத்திருக்கிறது. கண்ணால் கண்டதை அல்லது நிச்சயமாக அறிந்ததை "நடந்தது" என்கிறோம். பிறர் சொல்லக் கேட்டதை "நடந்ததாம்" என்கிறோம். பிறந்தார், பிறந்தாராம், இறந்தார், இறந்தாராம். ஆம் என்ற இரண்டே எழுத்து! கிராமத்துப் பாட்டி இதைத் தவறாமல் சொல்லுவாள்; படித்த நாம்தான் எழுத்தில் பார்த்த எதையும் "தார்" என்று முடித்துவிடுகிறோம். எனக்கு இவ்வளவுதான் தெரியும், இதற்கு மேல் நான் ஜாமீன் இல்லை என்று அந்த இரண்டு எழுத்து அடக்கத்தோடு சொல்லிவிடுகிறது. துணுக்கின் சுவையும் குறைவதில்லை.

ஆனால் ஒரு எச்சரிக்கை. அந்நிய தேசத்து ராஜா எந்தத் தேதியில் மாண்டாராம் என்பதற்கு "ஆம்" போதும். எதிர்வீட்டுக்காரர் இன்னது செய்தாராம் என்பதற்கு "ஆம்" போதாது. பிறருடைய மானத்தைத் தொடும் விஷயத்தில் அந்த இரண்டு எழுத்து கேடயமாகாது. அங்கே பேசாதிருப்பதே தர்மம்.

திருத்துகிறவருக்கும் ஒரு வார்த்தை. சிநேகிதர் ஆசையாய்ச் சொன்ன துணுக்கில் பிசகு கண்டால், நாலு பேர் நடுவில் அவரைத் தலைகுனிய வைத்து வெற்றிக் கொடி நாட்டாதீர்கள். நாம் மேலே சொன்ன துர்க்குணத்தின் இரண்டாவது வகை அதுதான். ஹார்டி அந்த எண்ணைச் சுவாரஸ்யமற்றது என்றபோது ராமானுஜன் மறுத்துத்தான் பேசினார். ஆனால் ஹார்டி அவமானப்படவில்லை. ஆயுசுபரியந்தம் அதைச் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். திருத்தமும் ஒரு வெகுமதியாக இருக்கலாம்.

இங்கே இன்னொன்றும் சொல்லவேண்டும். துணுக்கு மெய்யாயிருந்தாலும் அதற்கு இல்லாத அர்த்தத்தைக் கற்பிக்கலாகாது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஜனாதிபதிகளாயிருந்த ஜான் ஆடம்ஸும் தாமஸ் ஜெபர்ஸனும் 1826-ம் வருஷம் ஜூலை 4-ம் தேதி, சுதந்திரப் பிரகடனத்தின் 50-ம் ஆண்டு நாளிலேயே, இருவரும் மரித்தார்கள். இது உண்மை. ஐந்து வருஷங் கழித்து மன்றோவும் அதே ஜூலை 4-ம் தேதியில் மரித்தார். அக்காலத்தில் அநேகர் இதைத் தங்கள் தேசத்தின்மேல் தேவ தயவு இருப்பதற்கு அடையாளம் என்றார்கள். ஆனால் கணிதம் ஒரு விஷயத்தை நினைப்பூட்டுகிறது. ஒரு அறையில் 23 பேர் இருந்தால், அவர்களில் யாராவது இருவருக்குப் பிறந்த நாள் ஒன்றாயிருக்கும் வாய்ப்பு பாதிக்கு மேல். 23 பேரில் 253 ஜோடி இருப்பதே அதற்குக் காரணம். உலகத்தில் பிரசித்தி பெற்றவர்கள் ஆயிரக்கணக்கில். வருஷத்துக்குத் தேதிகளோ 366-தான். ஒற்றுமைகள் வராமற்போனால்தான் ஆச்சரியம். ஆச்சரியப்படுங்கள், சந்தோஷப்படுங்கள், ஆனால் தற்செயலாய்ச் சேர்ந்த இரண்டு தேதியை வைத்துக்கொண்டு சர்வேசுரனுடைய சித்தம் இன்னதென்று தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

மூன்றாவது: நாள் யாருடையது?

நாலு சிநேகிதர்கள் ஒரு டீக்கடையில் கூடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் 22-ம் தேதி. ஒருவர், "இன்று ராமானுஜன் பிறந்த நாள், 2012-லிருந்து தேசியக் கணித தினம்" என்கிறார். அடுத்தவர், "1964-ல் இதே தேதி ராத்திரிதான் தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோனது, ரயில் வண்டியே கடலில் போயிற்றே, என்ன அதிசயம் பார்த்தீர்களா!" என்கிறார். மூன்றாமவர் வேறொன்றைத் தேடுகிறார். நாலாமவர் ஒன்றும் பேசாமல் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போகிறார். பிறகுதான் தெரியவருகிறது, அந்த ரயிலில் அவருடைய தகப்பனார் போனார் என்பது.

இது நாம் கற்பித்த உதாரணமே. ஆனால் தனுஷ்கோடியின் இடிந்த மாதா கோவில் சுவர்கள் கற்பனை அல்ல. அந்தப் புயலில் உற்றாரை இழந்தவர்களும் கற்பனை அல்ல. 2004 டிசம்பர் 26-ம் தேதியைப்பற்றிச் சொல்லவே வேண்டாம். நாகப்பட்டினத்திலும் வேளாங்கண்ணியிலும் அது நாட்காட்டியின் அடிவரி அல்ல. வீட்டுச் சுவரில் தொங்கும் படம்.

ஒரு தேதி பிரபலமானவர்களுக்குள்ளும் சமமாய்ப் பங்கிடப்படுவதில்லை. 1963 நவம்பர் 22-ம் தேதி கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். அதே நாளில் சி. எஸ். லூயிஸ், ஆல்டஸ் ஹக்ஸ்லி என்ற இரண்டு எழுத்தாளர்களும் மரித்தார்கள். உலகமெங்கும் கென்னடியின் பேரிடியே முழங்கியதால் அந்த இருவருடைய மரணச் செய்தி காதில் விழாமலே போயிற்று. அவ்வளவு பெயர் பெற்றவர்களுக்கே அப்படியானால், அன்று மரித்த மற்ற எத்தனையோ ஆயிரம் பேரைப்பற்றி என்ன சொல்ல?

திருச்சபையிடத்தில் மிகப் பழமையான ஒரு "இன்றைய நாள்" புத்தகம் உண்டு. அதுதான் வேதசாட்சிகளின் அட்டவணை. பஞ்சாங்கத்தைத் திருத்திய அதே 13-ம் கிரகோரியார்தான், இந்த அட்டவணையையும் திருத்தச் செய்து 1584-ல் திருச்சபை முழுவதிலும் வழங்கும்படி கட்டளையிட்டார். நாட்கணக்கும் சரியாயிருக்கவேண்டும், நாளில் நினைக்கப்படுகிறவர்களின் கணக்கும் சரியாயிருக்கவேண்டும் என்று அவர் கருதினார் போலும். சந்நியாச மடங்களில் காலை ஜெபத்தின்போது மறுநாளைக்குரிய பகுதியை அதிலிருந்து வாசிப்பது வழக்கமாயிருந்தது: இன்ன பட்டணத்தில் இன்னார், இன்ன தேசத்தில் இன்னார் என்று. அதில் இரண்டு விசேஷம் கவனியுங்கள். அர்ச்சியசிஷ்டர்கள் மரித்த நாளையே திருச்சபை அவர்களுடைய பிறந்த நாள் என்று அழைக்கிறது. மற்றொன்று, அன்றைய பட்டியலை வாசித்து முடிக்கும்போது, வேறு இடங்களில் இன்னும் அநேகர் உண்டு என்று அறிக்கை செய்தே முடிப்பார்கள். எங்கள் பட்டியல் முழுமையானதல்ல. பெயர் தெரியாதவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பதே அதன் பொருள். நாள் பிரபலமானவர்களுடைய சொத்தல்ல என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியுமா?

ஆகையால், வாசகரே, மூன்று யோசனை சொல்லி முடிக்கிறோம்.

முதலாவது, துணுக்குகளைச் சொல்லுங்கள், வெட்கப்படவேண்டாம். தனிமையில் இருக்கும் முதியவருக்கும், நோயாய்க் கிடப்பவருக்கும் விசேஷமாய்ச் சொல்லுங்கள். "எப்படியிருக்கிறது உடம்பு?" என்று நூறு பேர் கேட்டுச் சலித்த காதுக்கு, அக்டோபர் மாதத்தில் பத்து நாள் காணாமற்போன கதை மருந்தாகும்.

இரண்டாவது, நிச்சயமாய்த் தெரிந்ததைத் "தெரியும்" என்றும், கேட்டதைக் "கேள்வி" என்றும் சொல்லுங்கள். பிள்ளைகள் பக்கத்திலிருக்கும்போது இதில் இன்னும் ஜாக்கிரதையாயிருங்கள். அவர்கள் தேதியை மறந்துவிடுவார்கள். நீங்கள் சொன்ன விதத்தை மறக்கமாட்டார்கள்.

மூன்றாவது, எப்போதாவது ஒரு நாள் கேள்வியைத் திருப்பிப் போடுங்கள். "தெரியுமா, இன்று என்ன நாள்?" என்று சிநேகிதரிடம் சொல்ல ஆரம்பிக்காமல், "உங்கள் வீட்டில் இன்று என்ன நாள்?" என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர், இன்று என் கலியாண நாள் என்பார். ஒருவர், என் மூத்த பெண் பிறந்த நாள் என்பார். ஒருவர் சற்றுப் பேசாமல் இருந்து, அம்மா போன நாள் என்பார். எந்த நாட்காட்டியும் அச்சடிக்காத செய்தி அது. அதைக் கேட்டு ஞாபகத்தில் வைத்துக்கொண்டு, வருகிற வருஷம் அதே தேதியில் அவர் வீட்டு வாசலில் போய் நிற்பவரே, தேதிகளை அறிந்தவர்களில் மிக அறிந்தவர்.